கைப்பிடிக்கு ஓர் அளவு

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் இருமல் விட்டதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நீங்கள் காய் நறுக்க நான் செய்துவரும் கத்தி இன்னும் முடியவில்லை. லீவு நாளில் அறையில் சும்மா உட்கார முடிவதில்லை. பால்கனியில் நான் போட்டிருக்கும் சின்னப் பட்டறைக்குப் போய் உப்புத்தாளை எடுத்துவிடுகிறேன். பளபளப்பு வந்ததும் ஏதாவது ஒரு கீறல் கண்ணில் படும், மறுபடி முதலிலிருந்து தேய்ப்பேன். "இன்னும் தேய்ச்சா ஊசிதான் மிஞ்சும்" என்கிறாள் அறையில் கூட இருப்பவள்.

நேற்று பாலீஷ் சக்கரம் கத்தியைப் பிடுங்கி வீசிவிட்டது. அது கதவில் போய்க் குத்தி நின்றது. பயப்படாதீர்கள், கதவுக்குத்தான் அடி பலம். என் கட்டைவிரலில் சின்னக் கட்டு. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

இனி கைப்பிடிதான் பாக்கி. மரத்தை என் கைக்குச் செதுக்கிவிட்டு, உங்களுக்குப் பற்றாதே என்று தூக்கிப் போட்டேன். உங்கள் கை எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. போட்டோவில் அளவு தெரியாது. ஒரு தாளில் கையை விரித்து வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து தபாலில் அனுப்புங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹார்ன் அடிக்கிறான். பாப்பா கையையும் அதே தாளில் வரைந்துவிடுங்கள். அவளுக்குக் கத்தி கிடையாது. சும்மாதான்.

உங்கள்
பாப்பா அம்மா