முன் சீட்டுக்காரன் எழுதுவது

என் அக்கா பெற்ற அருந்தவப் புதல்வியும், மருந்துக் கடையின் முடிசூடா ராணியும், தூக்கி வளர்த்த தாய்மாமனைப் பட்டப்பகலில் முன்பின் தெரியாத ஒரு பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, புழுதியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போன மாவீராங்கனையுமான உனக்கு, உன் மாமா கடுங்கோபத்துடன் எழுதிக்கொள்வது.

நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கும் உத்தேசமும் எனக்கு இல்லை. கேட்பதற்காக நான் செய்த போன்களை எல்லாம் நீ ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெட்டிக்கொண்டே இருக்கிறாய். அந்த வேகத்தில் விறகு வெட்டியிருந்தால் இந்த நகரத்துக்கே ஒரு வருஷம் அடுப்பெரியும். எடுத்திருந்தாலும் இந்த விஷயத்தைப் போனில் சொல்ல முடியாது. நீ கத்துவாய், உன் புருஷன் பக்கத்திலேயே இருப்பான். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் கடைக்கு அனுப்புகிறேன். மாத்திரை வாங்க வந்தவர்கள் நின்றால் நிற்கட்டும். அவர்கள் தலைவலி எங்கேயும் ஓடிப்போகாது. கடைசி வரி வரை படித்துவிட்டு மற்ற வேலையைப் பார்.

முதலில் என் மேல் நீ சுமத்திய குற்றங்களுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நகரத்தை விட்டு ஒரு சின்ன ஊருக்குப் போய், சாயங்காலம் திரும்பி வரும் உங்கள் குடும்ப உலாவை நான் நாசம் செய்கிறேனாம். வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் மூடுவதில்லையாம். ஏரி ஊருக்குப் போனபோது, அந்த ஏரியில் ஒரு மீன், வரி வசூலிக்க வந்த அதிகாரியைக் குடையோடு விழுங்கிவிட்டது என்று குழந்தைகளிடம் கூசாமல் புளுகினேனாம். மணிக்கூண்டு ஊருக்குப் போகும்போது தொண்டை கிழியப் பாடினேனாம். மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் ஒரு எருமையாகத்தான் இருக்க வேண்டும் என்றேனாம். தப்பான வழியைச் சொல்லி வேண்டுமென்றே அவனோடு சண்டை இழுத்தேனாம். சும்மா வந்த மனுஷனிடம் பதினேழையும் பதின்மூன்றையும் பெருக்கச் சொல்லி உயிரை வாங்கினேனாம்.

எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட மறுக்கவில்லை. சங்கீதத்திடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

"உங்க வாய்க்கு ஒரு ஞாயித்துக்கிழமையாவது லீவு உண்டா மாமா? அவரே வாரம் பூரா ராத்திரி வேலை பாத்துட்டு வராரு, நிம்மதியா வண்டி ஓட்ட விட மாட்டீங்களா?" என்று கேட்டாயே. நிம்மதியாக ஓட்டுவதாம், நிம்மதியாக! அடி என் புத்திசாலி, நிம்மதிதானடி அங்கே எமன்!

நான் ஏன் முன் சீட்டில் உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியும். என் முழங்கால் பின் சீட்டில் மடங்காது. முதல் முறை ஏரி ஊருக்குப் போகும்போது நான் கல்யாணப் பெண்போல அடக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். வண்டி மெல்ல மெல்ல ஓரம் போனது, பச்சையைக் கண்ட மாடு மாதிரி. திரும்பிப் பார்த்தேன். உன் புருஷனின் கண் பாதி மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. உன் சின்னவன் உருண்டை, பால் குடித்துவிட்டுத் தூங்கும்போது ஒரு முகம் வருமே, அந்த முகம். கை மட்டும் ஸ்டீயரிங்கில். நீ பின்னால் பிள்ளைகளுக்குச் சிப்ஸ் பாக்கெட் பிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்த மீனும் அதிகாரியும் பிறந்தது அந்த நொடியில்தான். என் வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு சத்தமாக, அவ்வளவு அவசரமாக ஒன்றும் சொன்னதில்லை. அவன் திடுக்கிட்டு விழித்தான். வண்டி நடுவுக்கு வந்தது. நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள்.

மணிக்கூண்டு ஊரில் நீ பிள்ளைகளைப் படியில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, டீக்கடையில் அவனைப் பிடித்து உலுக்கிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி ரொட்டி ஆலையில் வேலையே இருக்காது, மாவு மூட்டை மேல் படுத்து விடியும்வரை தூங்கிவிட்டுத்தான் வருகிறேன் என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறான் அல்லவா? நீயும் நம்பி, அவன் வந்து குளித்ததும் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறாய் அல்லவா? அத்தனையும் அண்டப்புளுகு. என் மீனுக்கே அண்ணன்.

"ஞாயித்துக்கிழமை ஊரே ரொட்டி திங்குது மாமா. சனிக்கிழமை ராத்திரிதான் எங்களுக்கு உயிர் போவும். அடுப்புக்கு முன்னால நின்னா உக்கார முடியாது" என்றான்.

ஏனடா மடையா, அப்புறம் எதற்கடா இந்த ஊர்வலம் என்று கேட்டேன். அவன் டீயைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். உன் பெரியவள் குண்டூசி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் எல்லோருடைய அப்பாவும் என்ன செய்கிறார் என்று கேட்டபோது, "எங்கப்பா தூங்குறாரு" என்று சொன்னாளாமே. உனக்கு ஞாபகம் இருக்கும். நீதானே வந்தவர் போனவரிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அவனும் நம்மோடு சேர்ந்து சிரித்தான். ஆனால் அவனுக்கு அது சிரிப்பாக இல்லை.

"புள்ளைங்க என்னை முழிச்சிருக்கிற ஆளா பாக்குறது ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் மாமா. அவகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா டிரிப்பையே நிறுத்திடுவா" என்றான். ஆறடி உயர ஆள், என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய தலையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு தலை மாட்டிக்கொள்ள வழியிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

எனக்கு வண்டி ஓட்ட வராது. சைக்கிளிலேயே ஊரில் இருந்த சுவர்களோடெல்லாம் உறவு கொண்டாடியவன் நான். நீ கற்றுக்கொள் என்றால், "அவர் இருக்காரே" என்கிறாய். என்னிடம் மிச்சம் இருந்த ஆயுதம் இந்த வாய் ஒன்றுதான். அதை வைத்துத்தான் உன் குடும்பத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தேன். மிளகு மிட்டாய் கொடுத்தேன். அவன் தொடையைக் கிள்ளினேன். அவன் அம்மாவைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னேன். ரோஷம் வந்தால் தூக்கம் போகும் என்றுதான். பாவம், அந்த அம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது.

போன ஞாயிறு பழைய பாலத்து ஊரிலிருந்து திரும்பும்போது எதுவும் பலிக்கவில்லை. பாட்டுப் பாடினேன்; என் பாட்டுக்கே தூங்கினான் என்றால் பார்த்துக்கொள். கிள்ளினேன், உணரவில்லை. எதிரே ஒரு மணல் லாரி. நீ குண்டூசிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். நம் வண்டி கோட்டைத் தாண்டி அந்த லாரியை வரவேற்கப் போய்க்கொண்டிருந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரை முழுசாக அவன் கழுத்தில் கவிழ்த்தேன். அவன் விழித்தான், வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது.

லாரிக்காரன் அடித்த ஹாரன் உனக்குக் கேட்டிருக்கும். எங்கே கேட்டது! நீதான் எனக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாயே. "ஓட்டுற மனுஷன் மேல தண்ணிய ஊத்தி விளையாடுவீங்களா? என் புள்ளைங்க உள்ள இருக்குதுங்க! அறிவிருக்கா உங்களுக்கு? வண்டிய நிறுத்துங்க. இறங்குங்க மாமா. பஸ்ல வாங்க."

நான் இறங்கினேன். அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கழுத்திலிருந்து தண்ணீர் சொட்ட, திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுபாவி. உன்மேல் இருப்பதைவிட அவன்மேல் எனக்கு ஆயிரம் மடங்கு ஆத்திரம். பிறந்ததிலிருந்து மூடாத என் வாயும் பார்த்து அந்த நேரத்தில் மூடிக்கொண்டதே, அதன்மேல் அதையும் விட ஆத்திரம். வண்டி புறப்பட்டுப் போய்விட்டது. முன் சீட்டில் யாரும் இல்லை.

பேருந்தில் ஏறி, ஜன்னலோரத்தில் நின்றுகொண்டே வந்தேன். வழியில் இருந்த ஒவ்வொரு பள்ளத்தையும், ஒவ்வொரு மரத்தையும் எட்டி எட்டிப் பார்த்தேன். "என்ன பெரியவரே, எதைத் தொலைச்சீங்க?" என்று நடத்துநர் கேட்டார். என்ன சொல்வது? உனக்குப் போன் செய்தேன், வெட்டினாய். மறுபடி செய்தேன், வெட்டினாய். நீ வெட்டுகிறாயா, அல்லது எடுக்க ஆளே இல்லாமல் நின்றுபோகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும், சொல்? கடைசியில் உங்கள் வீட்டுக்குக் கீழே இஸ்திரி போடுகிறவரைப் பிடித்தேன். "இப்பதாங்க வந்தாங்க. பாப்பா படியேறுது" என்றார். நல்ல மனுஷன், இன்னும் ஏதோ சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை. நகரத்துப் பேருந்து நிலையத்தில், நடக்கிற வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ எனக்குச் சில்லறை போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கணக்கையும் உன் பெயரில்தான் எழுதியிருக்கிறேன்.

இத்தோடு கோபம் ஆறியிருக்கும். ஆறவிடாமல் செய்தது உன் மகள். நேற்று அப்பாவின் போனிலிருந்து ரகசியமாகப் பேசினாள். "தாத்தா, இந்த வாரம் மலைக்குப் போறோம். ரோடு பாம்பு மாதிரி சுத்திச் சுத்திப் போவுமாம். உங்களைக் கூப்பிடலையாம், அம்மா சொல்லிட்டாங்க. உங்க சீட்டுல தம்பி உக்காரப் போறான்."

உருண்டை! வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புவதற்குள் தூங்கிப்போகிற உருண்டையை அந்தச் சீட்டில் உட்காரவைக்கப் போகிறாயா? அப்பனும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டு மலை ஏறப் போகிறார்களா? இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். அவன் என்னைத் துரோகி என்று சொல்லட்டும். தாராளமாகச் சொல்லட்டும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. வீட்டுக்குப் போனதும் அவன்மேல் பாயாதே. அவன் பொய் சொன்னது தப்பு. ஆனால் எதற்காகச் சொன்னான் என்று யோசித்துவிட்டுப் பாய். ஞாயிறு காலை அவன் வந்ததும் திரையை இழுத்துவிட்டுப் படுக்கச் சொல். வீம்பு பிடிப்பான், தூக்கமே வரவில்லை என்பான். சாவியை வாங்கி உன் பையில் போட்டுக்கொள். பிள்ளைகளை அவன் பக்கத்திலேயே விளையாட விடு. சத்தம் போடட்டும், மேலே ஏறி மிதிக்கட்டும்; அவன் எழமாட்டான். மத்தியானத்துக்கு மேல் அவனே எழுவான். எழும்போது பிள்ளைகள் எதிரே இருக்கட்டும். சாயங்காலம் நாலு பேருமாகத் தெருக்கோடிப் பூங்கா வரை நடந்துவிட்டு வாருங்கள். அங்கே மீன் இல்லை, மணிக்கூண்டு இல்லை. முழித்திருக்கிற அப்பா இருப்பான். அது போதும் அவர்களுக்கு. மலையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பேருந்தில் போங்கள். அவன் உன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வரட்டும். இவ்வளவும் முடியாது, காரில்தான் போவோம் என்று நீ பிடிவாதம் பிடித்தால், விடிவதற்கு முன்னால் உன் வீட்டு வாசலில் வந்து வண்டிக்குக் குறுக்கே படுப்பேன். என் உடம்பின் அகலம் உனக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு போக வழி இருக்காது.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மறுபடி கூப்பிடச் சொல்லியும் எழுதவில்லை. என்மேல் உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். நீங்கள் நாலு பேரும் நூறு வயசு வரை என்னோடு பேசாமலே இருங்கள். ஆனால் இருங்கள்.

இப்படிக்கு,
வாயை மூடத் தெரியாத
உன் தாய்மாமன்