திண்டிவனம் ரோட்டில் கொதித்த வண்டி

இன்னும் என் காதுக்குள் 'தனம்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற என் அவருக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. காமாலை என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிக்கொள்ளக்கூட நமக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. புதுச்சேரி இப்போது சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. மிட்டாய் கொடுத்தார்கள். நம் செல்வி இரண்டு தடவை வரிசையில் நின்று வாங்கிவிட்டாள், உங்கள் மகள்தானே. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாமாம். தெருவில் தினமும் அதே பேச்சு. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? போவதா, இருப்பதா என்ற கேள்வி நம் வீட்டுக்கு முன்பே ஒரு தடவை வந்துவிட்டுப் போனதே. வண்டி கொதித்த வருஷத்தில்.

அதை இன்றைக்கு முழுசாக உங்களிடமே சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எங்காவது தப்பாகச் சொன்னால் திருத்த நீங்கள் இல்லை, அதுதான் குறை.

ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் அந்தக் கறுப்பு வண்டியை வாங்கி நீங்கள் டாக்சி ஓட்ட ஆரம்பித்தபோது, நமக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஊருக்குள் அது தங்கமாக ஓடியது. ரயிலடி, ஆஸ்பத்திரி, மார்க்கெட், எங்கே போனாலும் ஒரு முனகல் கிடையாது. மதராஸ் சவாரி வந்தால்தான் வம்பு. திண்டிவனம் ரோட்டில் வேகம் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதும் சூடு காட்டும் ஊசி ஏறும். அப்புறம் புஸ்ஸென்று ஆவி. வேகத்தைக் குறைத்து மெதுவாக உருட்டினால் ஊசி தானாக இறங்கிவிடும். இது என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை.

நம் ஊர்க் கதிர்காமத்து மாப்பிள்ளையை மறக்க முடியுமா? அவரை முகூர்த்தத்துக்குச் செங்கல்பட்டு கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய வண்டி பாதி வழியில் ஆவி விட்டு நின்றது. மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரியைக் கை காட்டி நிறுத்தி மாப்பிள்ளையை அதில் ஏற்றிவிட்டீர்கள். பட்டு வேட்டியெல்லாம் புழுதியோடு மனுஷன் மணையில் உட்கார்ந்தாராம். அதிலிருந்து டாக்சி ஸ்டாண்டில் ஒரே கிண்டல். "காப்பித்தூள் மட்டும் எடுத்துக்கினு போங்க, வெந்நீ வண்டியிலயே கெடைக்கும்" என்றார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்களாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள்.

பட்டறை அந்துவான் அண்ணன் பாவம், என்னவெல்லாம் செய்தார்! ரேடியேட்டரை அவர் 'ரதியாத்தேர்' என்றுதான் சொல்வார். அதைக் கழற்றித் துருவும் சேறும் போகக் கழுவினார். எஞ்சினின் தலையைத் திறந்து உள்ளே இருந்த தகட்டை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கை குலுக்கிக்கொள்வீர்கள். ஒவ்வொரு தடவையும் திண்டிவனம் ரோட்டில் கிளியனூர் தாண்டியதும் கொதிக்கும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சைகோனிலிருந்து உங்கள் அண்ணன் லீவில் வந்தார். "இந்த ஓட்ட வண்டிய யார் தலையிலயாவது கட்டிட்டு என்கூட கப்பல் ஏறு. கம்பெனியில நான் சொல்லி வச்சிருக்கேன். தனம் அப்புறமா வரட்டும்" என்றார். அந்த 'அப்புறமா' எவ்வளவு நீளம் என்று நம் தெருப் பெண்களைக் கேட்டால் தெரியும். புருஷன் முகம் மறந்துபோனவர்கள்கூட இருந்தார்கள்.  நீங்கள் மறுநாளே தையற்காரரிடம் போய், கப்பலேறுகிறவர்கள் போடுகிற கால்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தீர்கள். 

விற்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒரு காலையில் கிளம்பினீர்கள்.

"நானும் வரேன்" என்றேன்.

"கொதிக்கிற வண்டியில நீ எதுக்கு?"

"ஊசியப் பாக்க ஒரு ஆள் வேணாமா?"

எல்லையில் பழைய சுங்கச் சாவடி ஆளில்லாமல் கிடந்தது. அதைத் தாண்டியதும் வேகம் எடுத்தீர்கள். நான் ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தேன். "ஏறுது... இன்னும் ஏறுது" என்று நான் சொல்லச் சொல்ல உங்கள் முகம் சுருங்கியது. புளியமரத்தடியில் நிறுத்தி எஞ்சின் மூடியைத் திறந்தீர்கள். "பெல்ட் இருக்கு. தண்ணி இருக்கு. எங்கயும் ஒழுகல. பின்ன ஏன்?" என்று வண்டியிடமே கேட்டீர்கள்.

எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? மனசில் பட்டதைக் கேட்டேன். "எப்பவும் நின்னதுக்கப்புறம்தான தொறந்து பாக்கறீங்க? வேகமா ஓடறப்ப உள்ள என்னா நடக்குதுன்னு யாரு பாத்தா?"

"தொறந்து வச்சுக்கினு ஓட்ட முடியுமா?" என்று எரிந்து விழுந்தீர்கள். ஆனால் சூடு கொஞ்சம் தணிந்ததும், "தனம், இங்க வா. என் சீட்டுல ஒக்காரு" என்றீர்கள்.

கியரில் போடாமல் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, எதை மிதிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு முன்னால் போய்க் குனிந்தீர்கள்.  வழியில் வந்த மாட்டு வண்டிக்காரர் நிறுத்திவிட்டு, "என்னாம்மா, நீங்களா ஓட்டப் போறீங்க?" என்று வேடிக்கை பார்த்தார்.

"அழுத்து. இன்னும். நல்லா அழுத்து!"

எஞ்சின் அலறியது. அதைவிடப் பெரிதாக நீங்கள் அலறினீர்கள். "விடு! ... மறுபடி அழுத்து! ... விடு!" என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து எட்டிப் பார்த்தால், நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

என்னை இறங்கி வரச் சொன்னீர்கள். எஞ்சின் பக்கத்திலேயே ஒரு கம்பியைக் கையால் இழுத்து வேகத்தைக் கூட்டிக் காட்டினீர்கள். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாய், பழசாகித் தொளதொளத்துப்போன குழாய், எஞ்சினின் பம்பு தண்ணீரை உறிஞ்சிய வேகத்தில் பட்டையாக ஒட்டிக்கொண்டது. வேகத்தைக் குறைத்ததும் ஒன்றுமே நடக்காதது போல உருண்டையாகிவிட்டது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பம்பு அவ்வளவு பலமாக இழுப்பதில்லை. நெடுஞ்சாலையில் இழுக்கும், குழாய் ஒட்டும், தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

கையாலேயே வேகத்தைக் கூட்ட முடியும் என்றால் என்னை ஏன் சீட்டில் உட்காரச் சொன்னீர்கள்? எத்தனையோ தடவை கேட்க நினைத்து விட்டுப்போன கேள்வி இது.

"மோன் தியே, கடவுளே, இத்தினி நாளா இது அடியிலயே குந்திக்கினு இருந்துதா!" என்று பட்டறையில் அந்துவான் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வண்டிக்குப் புதுக்குழாய் கிடைக்கவில்லை. லாரிக் குழாய் ஒன்றை அளவாக வெட்டி, தடித்த கம்பியைச் சுருளாகச் சுற்றி உள்ளே நுழைத்துப் பொருத்தினார். இனி எவ்வளவு இழுத்தாலும் ஒட்டாது.

அந்த வாரமே மதராஸ் வரைக்கும் ஒரே மூச்சில் போனோம். ஊசி நடுவிலேயே நின்றது. கடற்கரை மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "கப்பல்ல ஏறியிருந்தா நடுக்கடல்ல குதிச்சு நீந்தி வந்திருப்பேன், தெரியுமா." எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் அண்ணன் தனியாகவே திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் விடியற்காலைகளில் கடற்கரைச் சாலையில் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தீர்களே, வேடிக்கைக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அதுதான் சோறு போடுகிறது. வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள், நான் விற்கவில்லை. லைசென்ஸ் வாங்கிவிட்டேன். "தாலி எழந்தவ ஓட்டற வண்டியில ஏறுவாங்களா?" என்று காதில் விழும்படியே பேசினார்கள். ஏறுகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். ஆனால் இதுவரை நான் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

நாளைக்குத் தாண்டப் போகிறேன். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற அஞ்சலையின் புருஷனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மதராஸ் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு டிரைவரை வைத்துக்கொள்ளச் சொன்னேன். "நீயே ஓட்டுக்கா, ஒன் கூட வந்தாதான் எனக்குத் தைரியம்" என்று சொல்லிவிட்டாள். செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள்.

பயமில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் சொல்கிறேன்: அந்த மனுஷரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். கட்டுப் பிரிக்கிற நாளில் நானே போய், தன் கண்ணால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரும்படி முன் சீட்டில் உட்காரவைத்து அவரைக் கூட்டி வருவேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் மனைவி,
செல்வியின் அம்மா,
தனம்