மூன்றாம் துண்டும் முடிந்தது

மச்சான்,

நாவலின் மூன்றாம் துண்டைத் திறந்தாலே கற்பூரத் தைலம் மணக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சுக்குப் பூசிய கையோடுதான் உன் மனைவி பக்கம் புரட்டியிருக்கிறாள். நாளைக்கு உனக்கு ஆண்டுத் திவசம். அதற்குள் நாவலை முடிக்க வேண்டுமென்று ஒரு கிழமையாக இந்த மணத்தோடு மல்லுக்கட்டினேன்.

புத்தகத்தை வெட்டும் பழக்கம் நமக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வந்தது. ஊருக்குள் ஒரு புத்தகம் வந்து சேர்வதே பெரும்பாடு. பிளேட்டால் முதுகைக் கீறித் துண்டாக்கினால் ஒரே நேரத்தில் பலர் வாசிக்கலாம். இப்போது வேண்டிய பிரதி வாங்கலாம். ஆனாலும் தலையணைத் தடிப்பில் இந்த மொழிபெயர்ப்பு நாவல் வந்த அன்றே நீ பிளேட்டை எடுத்து மூன்றாக்கினாய். நீ முடித்த துண்டு எனக்கு வரும். எப்போதும் நீ ஒரு துண்டு முன்னால்.

முதல் துண்டில் துறைமுகத்தில் ஒரு சுங்க அதிகாரி கொலையுண்டு கிடந்தான். கப்டன்தான் கொன்றவன் என்று நீ நின்றாய். வெளிச்சவீட்டுக்காரனின் தங்கை என்று நான். இரண்டாம் துண்டில் செத்தவனே பேயாக வந்து, தன்னைக் கொன்றவரைத் தவிர மற்ற எல்லாரைப் பற்றியும் கதைத்தான். பிறகு ஒரு நாடகம். பிறகு மீனுக்கு உப்பிடும் முறை, பக்கம் பக்கமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உவன் எழுத்தாளன் எங்களை ஏமாத்திறான்."

"பொறு மச்சான், மூண்டாம் துண்டிலை வரும்," என்றாய். அந்தத் துண்டோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

போன கிழமை உன் மனைவி அதைக் கொண்டுவந்து தந்தாள். கதைப்புத்தகமே தொடாதவள், உனக்காகச் சத்தமாக வாசித்தவள்.

"ஆர் கொலை செய்தது எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தவர், அண்ணை. பாதியிலை கண்ணை மூடீட்டார். எனக்கு மிச்சத்தைத் தொட ஏலாமல் கிடக்கு. நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ. திவசத்தண்டு படைக்கேக்கை அவருக்குச் சொல்லவேணும்."

உனக்குப் பிடித்த பால்ரொட்டியோடு கொலைகாரனையும் படைக்கப் போகிறாள்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

புயல் அத்தியாயத்தில் வல்வெட்டித்துறைக் கடலே கண்முன் நின்றது. கரையில் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் அழுதுவிட்டேன். அந்தப் பக்கங்களுக்காக எழுதியவரையும் மொழிபெயர்த்தவரையும் கும்பிடலாம். அடுத்த பக்கத்திலேயே நட்சத்திரங்களைப் பற்றிப் பாடம். புத்தகத்தைக் கிணற்றுக்குள் எறியலாம் போலிருந்தது. எறிய முடியவில்லை. பக்கம் குறையக் குறைய நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்று பின்னேரம் கடைசி வரியும் முடிந்தது. கொன்றது யாரென்று சொல்லவேயில்லை, மச்சான். பேய் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

அவளிடம் கப்டன் என்று ஒரு சொல் போதும். நீ வென்றதாகிவிடும், அவளும் ஆறுதலாகப் படைப்பாள். ஆனால் உன் படத்துக்கு முன்னால் நின்று அவள் என் பொய்யையல்லவா சொல்லுவாள்? யோசித்து முடிப்பதற்குள் வாசற்படலை திறந்தது. படையலுக்கு வாழையிலை கேட்டு வந்திருந்தாள்.

"முடிஞ்சுதோ, அண்ணை?"

"ஓம்."

"ஆர்?"

"எழுதினவன் சொல்லேல்லை, தங்கச்சி. கடைசிமட்டும் சொல்லேல்லை."

படலையைப் பிடித்தபடி நின்றாள். என்னோடு கோபிக்கப் போகிறாள் என்று பயந்தேன்.

"அப்ப அவர் ஒண்டையும் அறியாமல் போகேல்லை," என்றாள். "முழுக்க வாசிச்ச உங்களுக்குத் தெரிஞ்சதுதான் அவருக்கும் தெரியும்."

பிறகுதான் அழுதாள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு இலை வெட்டப் போனேன்.

மூன்று துண்டும் இப்போது என் அலுமாரியில். ஒட்டிக் கட்டுவிக்க மனம் வரவில்லை. நல்ல நாவலா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் தெரியாது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, நம் வழக்கும் அப்படியே இருக்கிறது.

கொன்றது அந்த வெளிச்சவீட்டுக்காரனின் தங்கைதான், மச்சான். இல்லையென்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை.