கலைவாணி அழித்த கோப்பு

புதன்கிழமை இரவு, வரிச்சிக்குடி.

மதியம் கலைவாணி போன் செய்தாள். அவளோடு சண்டை போட்டுக்கொண்டு, நாங்கள் சேர்ந்து பார்த்த புதுச்சேரி ஆஸ்பத்திரி வேலையை நான் விட்டு வந்த பிறகு அவள் என்னோடு பேசியதே இல்லை.

"டேய், ஆஸ்பத்திரி சர்வர்ல நோயாளிங்க ஃபைலைத் தெரியாம அழிச்சிட்டேன்டா. பேக்கப்பும் இல்ல," என்றாள்.

"புரோகிராம் ஓடிக்கிட்டுதானே இருக்கு? அதை மட்டும் நிறுத்திடாத," என்றேன்.

அந்த சர்வரில் ஓடுவது லினக்ஸ்; அதில் ஒரு கோப்பை அழித்தால் முதலில் போவது பெயர் மட்டும்தான். ஓடுகிற புரோகிராம் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளே இருப்பது அழியாது. மூடினால் போய்விடும். யாரும் புதிதாக எதையும் பதிய வேண்டாமென்று சொல்லச் சொன்னேன். பிறகு அந்தப் புரோகிராமுக்குக் கணினி கொடுத்திருக்கும் எண்ணைக் கண்டுபிடித்து, அதன் வழியாகவே கோப்பை வேறு பெயரில் நகலெடுக்க வைத்தேன். முழுதாகக் கிடைத்தது. பழையபடி சத்தமாகச் சிரித்தாள்.

"எதுக்கும் இன்னொரு தடவை சரிபாத்துடு," என்றேன். அதற்குத் தேவையே இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் போனில் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பொறுமையாகப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு. ரொம்ப நன்றிங்க."

அவள் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. "சரிங்க," என்று நானே முதலில் போனை வைத்துவிட்டேன்.