வெடிக்கு அசையாத வெள்ளையன்

பெற்ற பிள்ளைகளைவிட நாய்க்குட்டிகளை அதிகம் கொஞ்சிய என் அத்தானுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? பதில் வராது என்று தெரிந்துதான் கேட்கிறேன். இருந்தபோது மட்டும் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னீர்களாக்கும்! "ம்" என்று ஒரு சத்தம் வரும். அதற்குள் ஏதாவது ஒரு குட்டி வந்து வேட்டி நுனியைக் கடிக்கும். பேச்சு அதோடு போய்விடும்.

இங்கே எல்லாரும் சுகம். ஆடி முடிந்தது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனவர்களுக்கு இந்த முறையும் நம் வாசலில் மோர் ஊற்றினோம். சிவகாசி அச்சாபீசைப் பெரியவன் பார்த்துக்கொள்கிறான். தீபாவளி சீசன் நெருக்கத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

நம் நாய்ச் சங்கத்தில் வெடிச் சோதனையை எடுத்துவிட்டோம். எடுக்கச் சொன்னது நான்தான்.

கோபம் வருகிறதா? சங்கத்தைப் பற்றிப் பேச உனக்கென்ன தெரியும் என்பீர்கள். சங்கம் பிறந்த கதை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை கூட்டத்துக்கும் காப்பி போட்டவள் நான்.

ஒரு பெரிய நகரத்தில் நடந்த நாய்க் காட்சிக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தீர்கள். வெளிநாட்டு நாய்களுக்குத் தனித்தனி வரிசையாம். நம் ராஜபாளையம் நாய்க்கு 'இதர வகை' என்று ஒரு மூலையாம். "நம்ம நாய்க்கு அவென் என்னலே எடம் குடுக்கது? நாம வைப்போம் ஒரு சங்கம், இந்தியா பூராவுக்கும்" என்று கூட்டாளிகளிடம் சொன்னீர்கள். சாத்தூரிலிருந்து ஒரு பஸ் ஏறி இறங்குகிற தூரத்தில் இருந்தவர்கள்தான் மொத்த உறுப்பினர்களும். குட்டி வாங்க வந்த பெங்களூர் பேங்க் அதிகாரி ஒருவரைப் பிடித்து, சாப்பாடு போட்டு, கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் அது அகில இந்தியச் சங்கம் ஆனது.

சான்றிதழ் நம் அச்சாபீசில்தான் அடித்தோம். ஏதோ கம்பெனி வேண்டாம் என்று தள்ளிய லேபிளில் இருந்த சூரியக் கதிரை எடுத்து நாய்க்குப் பின்னால் வைத்துவிட்டீர்கள். பார்த்தவர்கள் எல்லாம் இது என்ன வெடி, தரையில் சுற்றுமா வானத்தில் போகுமா என்று கேட்டார்கள். இன்றைக்கு அதே சான்றிதழைப் பஞ்சாபில் ஒருவர் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார் தெரியுமா?

அப்புறம் சட்டம் வைத்தீர்கள். உடம்பில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது, பால்வெள்ளையாக இருக்க வேண்டும். மூக்கு ரோஜா நிறம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வெடிச் சோதனை. மைதானத்தில் நாயை நிறுத்தி, கொஞ்சம் தள்ளி ஊதுபத்தியால் சரவெடியைக் கொளுத்த வேண்டும். வாலை ஒடுக்காமல் நிற்கிற நாய்க்குத்தான் முதல் தரம். "சிவகாசிப் பக்கத்து நாயி வெடிக்குப் பயந்தா ஊரு சிரிக்காதா?" என்று நீங்கள் கேட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள். பட்டாசில் சோறு தின்கிற ஊரைத் தவிர வேறு எங்கே இப்படி ஒரு சட்டம் வரும்?

அந்தச் சோதனையில் நம் வெள்ளையன் நின்றானே, அந்த நிற்பை யார் மறப்பார்கள்? சரம் முழுக்க வெடித்துத் தீர்ந்தது. அவன் காது நுனிகூட ஆடவில்லை. வானத்தில் பருந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீங்கள் அழுதுவிட்டீர்கள். கண்ணில் புகை பட்டது என்று அப்புறம் சமாளித்தீர்கள்.

அதன் பிறகு வெள்ளையனின் வித்து வேண்டாத ஊர் இல்லை. காசு வாங்கமாட்டீர்கள், ஈற்றில் ஒரு குட்டி நம் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ஊரெல்லாம் நமக்குச் சம்பந்தி ஆனார்கள். வெடிக்கு அசையாத குட்டிகளாகப் பார்த்துப் பார்த்து மறுபடி சேர்த்தீர்கள். புள்ளி விழுந்த குட்டிகளைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டீர்கள், சான்றிதழ் இல்லாமல்.

போன தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நம் சங்கச் சான்றிதழோடு வெள்ளையன் வழிக் குட்டி வாங்கி வளர்த்தவர். அவர் நாய் தெருவில் படுத்திருக்கும்போது, பின்னால் வந்த லாரி ஏறிவிட்டது. டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டேதான் வந்தாராம். சண்டை போட வரவில்லை அந்த அம்மா. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்கம்மா, உங்க வெள்ளையன் பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குமுங்களா?"

வெள்ளையனைக் கூப்பிட்ட நாட்களை நினைத்துப் பார்த்தேன். கஞ்சித் தட்டை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவேனே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் போய்க் காலால் தரையை உதைத்தால்தான் எழுந்து வருவான். உங்களிடம் சொன்னால், "ஏ புள்ள, அது ராச பரம்பரை. கூப்பிட்ட ஒடனே ஓடியார அது என்ன தெருநாயா?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். எசமானைப் போல நாய், திமிர் பிடித்தது என்று.

திமிர் இல்லை அத்தான். அவனுக்குக் காது கேட்கவில்லை.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒரு கருவி கொண்டுவந்து நம் உறுப்பினர்கள் வீட்டு நாய்களைப் பார்த்தார். மொத்தமும் வெள்ளையாகப் பிறக்கிற குட்டிகளில் சிலதற்குப் பிறவியிலேயே காது அடைத்துப் போகுமாம். கொஞ்சம் நிறம் விழுந்த குட்டிக்கு அந்த ஆபத்து குறைவாம். நாம் வெள்ளையாகவும் பொறுக்கினோம், வெடி கேட்காததாகவும் பொறுக்கினோம். வீரம் என்று செவிட்டை வளர்த்திருக்கிறோம். வெள்ளையன் வழியில் பாதி நாய்களுக்குமேல் ஒரு காதோ இரண்டு காதோ கேட்கவில்லை என்று அவர் சொன்னபோது, நீங்கள் இதைக் கேட்க இல்லையே என்று நிம்மதியாக இருந்தது. அப்புறம் நீங்கள் இல்லையே என்றும் இருந்தது.

கூட்டம் போட்டோம். டாக்டர் சொன்னதைச் சொல்லி, வெடிச் சோதனையை எடுக்கச் சொன்னேன். செயலாளர் சுந்தரபாண்டிதான் எழுந்தார். "மதினி, அண்ணாச்சி வச்ச சட்டம்ல இது. அவுக படத்துக்குக் கீள ஒக்காந்துக்கிட்டு இதை எடுங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. எடுத்துட்டா, அவுக செஞ்சது தப்புன்னு ஆயிராதா?"

"ஆகத்தான் செய்யும். தப்புத்தான?" என்றேன். "டாக்டர் சொன்னதை அவுக கேட்டிருந்தா, மொத ஆளா ஊதுபத்தியை அணைச்சிருப்பாக. எம்புட்டோ பிடிவாதம் பாத்திருக்கேன் அவுககிட்ட. நாய்க்கு நோவுன்னா அது ஒண்ணும் நிக்காது. எடுங்க."

உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். சரியாகத்தானே சொன்னேன்?

இனிப் புள்ளிக் குட்டிக்கும் சான்றிதழ் உண்டு என்று தீர்மானமானது. காது கேட்காத நாயை இனம் சேர்க்கக் கூடாது. வெடிக்குப் பதிலாக, நாய்க்குப் பின்னால் நின்று எசமான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பினால் தேறியது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனை. வழக்கப்படி நம் வீட்டு நாய்தான் முதலில் நிற்க வேண்டும். சிட்டுவைக் கூட்டிப்போனேன். வெள்ளையனின் பேத்தி வயிற்றுப் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பி வந்த நாட்களில் உங்கள் காலடியிலேயே சுருண்டு கிடந்தாளே, அவள்தான். டாக்டரின் கருவிக்கு அவளை மட்டும் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் கூப்பிட்டால் மற்ற நாய்களோடு சேர்ந்து ஓடி வருகிறாளே, அவளுக்கு என்ன குறை என்று இருந்துவிட்டேன்.

சுந்தரபாண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் நின்று, "சிட்டு" என்றேன். அவள் எதிரே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். மைதானத்தில் இருந்த மற்ற நாய்களில் சில திரும்பிப் பார்த்தன. சிட்டு திரும்பவில்லை. வெள்ளையன் நின்ற அதே அழகோடு நின்றாள்.

"காத்தடிச்சது மதினி. இன்னொரு தடவை கூப்புடுங்க" என்றார் சுந்தரபாண்டி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கிட்டப் போய்க் கரிசல் மண்ணில் காலால் ஓங்கி உதைத்தேன். சடாரென்று திரும்பினாள். என்னைப் பார்த்ததும் வாலோடு உடம்பு முழுக்க ஆடியது. எனக்கு அழுகை வந்தது. உங்களைப் போலப் புகைமேல் பழி போடக்கூட வழியில்லை.

"இனம் சேக்குற பட்டியல்ல இருந்து மொத எங்க வீட்டுப் பேரை எடுங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் யாரும் வாதாடவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் நாயை அவர்களே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்தக் கோயம்புத்தூர் டீச்சருக்கு மல்லாங்கிணறு உறுப்பினர் வீட்டு ஈற்றில் ஒரு குட்டி சொல்லியிருக்கிறேன். இடது காது மட்டும் செம்மண் நிறம். உங்கள் கண்ணில் பட்டிருந்தால் ஒதுக்கியிருப்பீர்கள். இலை விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்கிறது அத்தான்.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். சிட்டுவுக்குக் குட்டி கிடையாது. ஆனால் அவள் கடைசி வரைக்கும் நம் வீட்டில்தான் இருப்பாள், என் பார்வையில், கேட் பூட்டி. வெடிக்கு அசையாத நாய்க்குச் சங்கம் உங்கள் பெயரில் கொடுத்துவந்த பரிசுக் கோப்பையையும் நான் எடுக்கவிடவில்லை. இனி அது, கூப்பிட்டால் முதலில் திரும்புகிற நாய்க்கு.

சாயங்காலம் காப்பி ஆற்றிவிட்டு இன்னமும் வாய் தவறி, "அத்தான், காப்பி" என்று கூப்பிடுகிறேன். திரும்பி யாரும் வருவதில்லை. அப்புறம் தரையில் காலை உதைக்கிறேன். சிட்டு வந்து உங்கள் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொள்கிறாள்.

இன்னும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும்,
உங்கள் மாமன் மகள்
ராசாத்தி