அஞ்சலை என்கிற மேரிக்கு போன் அடிக்கவில்லை

என் உயிர் மாப்ள செல்வத்துக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீயே சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் அம்மா ஆற்றோடு போயிருப்பாங்க. பதறாதே, உயிரோடு நல்லாத்தான் இருக்கிறாங்க.

உன் ஊர் செல்லிப்பட்டுக்கு நீ செய்துவைத்த வெள்ள எச்சரிக்கையை எப்படி மறப்பேன்? மேலே அணையைத் திறந்தால் அங்கிருந்து உனக்கு ஒரு போன் வரும். நீ ஒரு பட்டனை அழுத்துவாய். ஆற்றோரத்து வீடுகளுக்கெல்லாம் போன் அடித்து, தண்ணி வருது, மேட்டுக்கு ஏறுங்க என்று ஒரே வரி பேசும். அவ்வளவுதான் உன் புரோகிராம். இதற்கா இன்ஜினியரிங் படித்தாய், யார் வீடு, என்ன பேர் என்றுகூட இதில் இல்லையே என்று உன்னை ஓட்டினேன். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை.

"போன் அடிக்க நம்பர் போதும் மச்சான். பேரு இன்னாத்துக்கு?"

அந்த லாரி மோதி நீ போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் கம்பெனி அதை எடுத்துச் செய்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒவ்வொருவர் சொன்னதும் தனியாகக் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. பேர் இருந்தால் நல்லதுதானே என்றார் ஒருவர். பேர் வந்ததும், அது ஒழுங்கான பேர்தானா என்று சோதிக்க ஒன்று வந்தது. சரியில்லை என்றால் ஆளிடமே கேட்க ஓர் ஆப் வந்தது. ஆப் வந்தால் பாஸ்வேர்டு வராமல் இருக்குமா, பின்னாலேயே ஓடிபியும் வந்தது. வரைபடம் என் வேலை. சங்கராபரணி ஆற்றை நீலத்தில் வளைத்து வளைத்துப் போட்டிருந்தேன், பார்த்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

இவ்வளவும் எதற்கு? ஒரு போன் அடிப்பதற்கு. இதை அந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா? எங்கள் தொழிலில் ஒன்றைச் சேர்க்கிறவனுக்கு இருக்கிற மரியாதை, வேண்டாம் என்கிறவனுக்கு இல்லை மாப்ள. நீ இருந்திருந்தால் கத்தியிருப்பாய்.

மழை விடாமல் அடித்தது, மேலே திறந்துவிட்டார்கள். ஊரில் வீடு வீடாக போன் அடித்தது. உன் அம்மா தாழ்ந்த கழனியில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாங்க, போன் இடுப்பில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா வரப்பில் நின்று வா வா என்று கூப்பிட்டிருக்கிறாங்க. இவங்க என்ன பதில் சொன்னாங்க தெரியுமா?

"தண்ணி வந்தா எனக்கும் அடிக்கும். எம் புள்ள வெச்ச போனு அது."

நிமிர்ந்து பார்ப்பதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டதாம். மோட்டார் கொட்டாய் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாங்க. கன்றுக்குட்டி கண் முன்னாலேயே தண்ணியோடு போயிருக்கிறது. பசங்க கயிறு கட்டி இறக்கிக்கொண்டு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எனக்குச் செய்தி வந்தபோது ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீயே இல்லை, அம்மாவையும் தூக்கிக் கொடுத்திருந்தால் நான் எந்த முகத்தோடு அந்த ஊருக்குள் நுழைவேன்?

அடுத்த அதிர்ச்சி மறுநாள் காத்திருந்தது. ஏன் போன் போகவில்லை என்று தேடினோம். எழுதினவர்கள் அத்தனை பேரும் ஒரே அறையில் இருந்தோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை. என் பக்கம் சரியாக இருக்கிறது, உன் பக்கம் பார் என்று ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். திரையில் உன் வீடு பச்சையாக, எல்லாம் நலம் என்று எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் கட்டினது எங்களுக்கே புரியவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

கடைசியில் எதில் மாட்டியிருந்தது தெரியுமா? 'என்கிற' என்கிற வார்த்தையில். அம்மா பிறந்தபோது அஞ்சலை, மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது மேரி. நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு 'என்கிற' உண்டு. ஆதார் கார்டில் இங்கிலீஷில் எழுதும்போது அந்த இடத்தில் @ போட்டுவிடுவார்கள், நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கிறதுதானே. கார்டிலிருந்து பேரை எடுத்த புரோகிராமுக்கு @ என்றால் மெயில் ஐடி. பேர் கேட்ட இடத்தில் யாரோ மெயில் ஐடியைக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு பண்ணி, அம்மாவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டது. இது சரியான பேர்தானா என்று ஆப்பில் கேள்வியும் அனுப்பியிருக்கிறது. அம்மா வைத்திருப்பதோ பட்டன் போன். ஊரில் 'என்கிற' வைத்திருந்த ஒருத்தருக்கும் அன்றைக்கு போன் அடிக்கவில்லை. மற்றவர்கள் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஓடிவிட்டார்கள், அம்மா உன்னை நம்பி நின்றுவிட்டாங்க.

அப்புறம் கூட்டம் போட்டார்கள். பேரைக் கேட்கிறதையே எடுத்துவிடலாம் என்று சொன்னேன். மேனேஜர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நம்ம சிஸ்டம் கரெக்டா வேலை செஞ்சிருக்குப்பா. பேருதான் தப்பா இருக்கு. ஒரு பேர எடுத்துடச் சொல்லுங்க" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், தலையாட்டினார்கள்டா.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டில் இன்னும் சேற்று வாடை. பேர் விஷயமாக எங்கள் ஆபீசிலிருந்து எனக்கு முன்னாலேயே யாரோ பேசிவிட்டார்கள் போலிருக்கிறது. திட்டுவாங்க, திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். மடியில் கார்டை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாங்க.

"எந்தப் பேர எடுக்கணும்னு நீயே சொல்லுப்பா. அஞ்சலைய எடுத்தா போனு வருமா, மேரிய எடுத்தா வருமா? ரெண்டு பேர வெச்சிக்கினு ஒங்களுக்கெல்லாம் தொந்தரவு குடுத்துட்டேன்."

செல்வம், நான் அங்கேயே அழுதுவிட்டேன். உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லம்மா என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அவங்க நம்பவில்லை. படிச்சவங்க சொல்றாங்களே என்றாங்க. ஆற்றில் நின்றவங்க நம்மிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பொருளைச் செய்து வைத்திருக்கிறோமே, இதை எங்கே போய்ச் சொல்லுவேன்?

நாளைக்கு ஆபீசில் மறுபடியும் சொல்லப் போகிறேன். கேட்டால் சரி. கேட்காவிட்டால் உன் பழைய புரோகிராமை என் வீட்டிலிருந்தே ஓட்டுவேன், வேலை போனால் போகட்டும். அடுத்த தண்ணீர் வரும்போது முதல் போன் உன் அம்மாவுக்குத்தான். அஞ்சலையும் மேரியும் சேர்ந்தேதான் மேட்டுக்கு ஏறுவாங்க. உன் மேல் சத்தியம்டா.

உன் அம்மாவுக்கு இனிமேல் பிள்ளையாகவும் இருக்கப்போகிற
உன் மச்சான்,
பாஸ்கர்
வில்லியனூர்