லண்டனிலிருந்து வந்த சைடுபோர்டு

மேசைவிரிப்பின் ஓரத்துக்கு நூலில் பின்னி முடித்த ரேந்தையைக் கொடுக்க இன்று குழித்துறை வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் கால் வைத்ததும் தேன்மெழுகு வாசனை. சாப்பாட்டு மேசையை ஒட்டி, சுவரோடு சுவராக, நீங்கள் செய்த சைடுபோர்டு, பீங்கான் தட்டுகள் வைக்கும் சீமை அலமாரி. என்னைத் தனியாக்கி நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அதன் பளபளப்பு போகவில்லை.

உங்கள் முன்னோர் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் தூணும் மச்சும் செய்தவர்கள். அரண்மனை வேலை ஓய்ந்தபின் உங்கள் தாத்தா மிஷன் பங்களாக்களுக்கு நாற்காலி, மேசை செய்யப் பழகினார். படத்தைப் பார்த்தே சீமைச் சாமானைச் செய்யும் கை அப்படித்தான் உங்களுக்கு வந்தது.

வக்கீலும் ஒரு படத்தைத்தான் நீட்டினார். நன்றாகக் காய்ந்த பலாப்பலகை எங்கும் அகப்படவில்லை. நம் வாசல் கதவுக்கென்று எடுத்து வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். "கதவு பொறவு செய்யலாம் ஏட்டி. இப்பிடி ஒரு வேலை இனி வராது." வாசலுக்கு ஓலைத்தட்டியே மிஞ்சியது. படத்திலிருந்த திராட்சைக் குலையை நீங்கள் கண்ணால் கண்டதில்லை. அந்த இடத்தில் பலாப்பிஞ்சைச் செதுக்கினீர்கள்.

மழைக்காலத்தில் அதன் இழுப்பறை ஊதி அடைத்துக்கொண்டது என்று ஆள் அனுப்பினார்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கையில், விருந்துக்கு வந்த துரை சைடுபோர்டைத் தடவிப் பார்த்து ஏதோ கேட்டானாம். வக்கீல் சொன்ன பதிலில் 'லண்டன்' என்ற ஒரு சொல் போதும், உங்களுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து நீங்கள் சொன்னதும் நான் கேட்டேன்:

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"பலாப்பிஞ்சு லண்டன்லயா காய்க்குது? வாயில என்ன, கொழுக்கட்டையா இருந்து?"

நீங்கள் சிரித்தீர்கள். "தொரையே நம்பிட்டாம்லா. அதவிட எனக்கு என்ன வேணும்?"

அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

நீங்கள் இருமிக் கிடந்த கடைசி ஆடியில் காற்று ஓலைத்தட்டியைப் பிய்த்துக்கொண்டு போனது. என் சேலையைக் கட்டி மறைத்தேன். சாரல் உங்கள் பாய்வரை வந்தது. கதவில்லாத வாசலைப் பார்த்தபடி உங்கள் பாயை உள்சுவர் ஓரம் இழுத்தேன்.

இன்று வக்கீலின் மனைவி தன் விருந்தாளியிடம் அதைக் காட்டிச் சொன்னார்: "லண்டன்ல செஞ்சது. நம்ம ஊரு ஆசாரிக்கு இந்த வேலை வருமா?"

ரேந்தையைக் கீழே வைத்தேன். "இது எனக்க வீட்டுக்காரரு செஞ்சதாக்கும் அம்மா. எங்க வாசக்கதவுக்கு வச்சிருந்த பலகை."

அவர் முகம் சிவந்துவிட்டது. "யாரு ஒனக்க வீட்டுக்காரன்?"

புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். நீங்கள் இருந்தவரை ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கூடத்தின் நடுவில் நின்று உங்கள் பெயரை உரக்கச் சொன்னேன்.

இனி ரேந்தை கொண்டு வரவேண்டாம் என்றார்கள். வரும் வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாயில் அது இனிக்கவில்லை, ரேந்தைக் கூலியும் போயிற்று. ஆனால் இனி யார் கேட்டாலும் சொல்லுவேன்.